அலுமினியப் பேடில் தங்கக் கம்பி ஒட்டவில்லை, எக்ஸ்பிஎஸ்ஸா ஓஜேயா?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு உதவும். அவர் இங்கே சிங்கப்பூரில் ஒரு சிப் தொழிற்சாலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சில வேஃபர்களில் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் தட்டுகளில்) மட்டும் அலுமினியப் பேடின் (சிப்பில் கம்பி இணைக்கும் சின்னச் சதுரத்தின்) மேல் தங்கக் கம்பி ஒட்டாமல் கழன்று வருகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பேட் பளிச்சென்று இருக்கிறது, அதிலேயே இடிஎக்ஸ் (எலக்ட்ரானை அடித்து, கிளம்பும் எக்ஸ்ரேயை வைத்துத் தனிமத்தைச் சொல்லும் முறை) எடுத்தால் அலுமினியமும் துளி ஆக்சிஜனும்தான் தெரிகின்றன. சீனியர் ஒருவர் ஓஜேக்கு அனுப்பு என்கிறார், இன்னொருவர் எக்ஸ்பிஎஸ்தான் சரி என்கிறார். இரண்டிலும் அளப்பது வெளியே வரும் எலக்ட்ரானை, ஓஜேயில் அடிப்பது எலக்ட்ரான், எக்ஸ்பிஎஸ்ஸில் அடிப்பது எக்ஸ்ரே. "எல்லாமே எலக்ட்ரான்தானே அக்கா, அப்புறம் ஒன்று மட்டும் எப்படி மேற்பரப்பை மட்டும் பார்க்கும்?" என்பது கேள்வி.

நல்ல கேள்வி. பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், எனக்கு இது புரிய இரண்டு வருடம் பிடித்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இடிஎக்ஸ் ஏன் ஒன்றும் காட்டவில்லை என்று பார்ப்போம், மற்றதெல்லாம் அங்கிருந்துதான் புரியும். 15 கிலோவோல்ட்டில் வரும் எலக்ட்ரான் அலுமினியத்துக்குள் 2 மைக்ரானுக்கும் மேலே இறங்கிப் பரவிவிடும். அந்த ஆழம் முழுவதிலிருந்தும் எக்ஸ்ரே கிளம்பும், அலுமினியத்தின் எக்ஸ்ரேயில் பெரும்பகுதி சிரமமில்லாமல் வெளியே வந்து டிடெக்டரில் விழும். உங்கள் பிரச்சினை மேலே 3 நானோமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். 2 மைக்ரான் என்றால் 2000 நானோமீட்டர், அதில் 3 என்பது 0.15 சதவீதம். பேடைத் திறக்கும்போது ஃபுளோரின் வாயுதான் படுகிறது, அதனால் சந்தேகம் அதன் மேல். அந்த 3 நானோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு ஃபுளோரின் என்றாலும் மொத்தத்தில் அது 0.03 சதவீதம்தான். இடிஎக்ஸ் 0.1 சதவீதத்துக்குக் கீழே போனாலே திணறும், ஃபுளோரின் மாதிரி லேசான தனிமத்துக்கு இன்னும் மோசம். கருவியில் கோளாறு எதுவும் இல்லை. பானைச் சோற்றை அடிவரை கிளறிவிட்டு, மேலே தூவிய மிளகை எண்ணச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

சரி, மேற்பரப்பை மட்டும் பார்க்க என்ன வழி? நிறையப் பேர், எக்ஸ்பிஎஸ்ஸில் எக்ஸ்ரே மேலோட்டமாக மட்டும் படுகிறது என்று நினைக்கிறார்கள். பட்டப்படிப்பு முடித்து வருபவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இதையே சொல்வார்கள். எக்ஸ்பிஎஸ்ஸில் அடிக்கும் எக்ஸ்ரேயும் மைக்ரான் கணக்கில் உள்ளே போகிறது, ஓஜேயில் அடிக்கும் எலக்ட்ரானும் அப்படியே. உள்ளே போவது எவ்வளவு ஆழம் போனாலும் கவலையில்லை, வெளியே வருவது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டு முறையிலும் நாம் பிடிப்பது வெளியே வரும் எலக்ட்ரானை, அதுவும் அதன் ஆற்றலை. எலக்ட்ரானால் திடப்பொருளுக்குள் சேதாரம் இல்லாமல் அதிக தூரம் நடக்க முடியாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள், தோள் உரசாமல் நகர முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் பையனுக்குக் கொடுக்கும் காசு வேறு, ஒரு வீட்டில் சரியாகப் பத்து வெள்ளி (டாலர்), இன்னொரு வீட்டில் சரியாகப் பதினான்கு. கூட்டத்தின் நடுவிலிருந்து கிளம்பும் பையன் வெளியே வருவதற்குள் முறுக்குக்கு ஒரு வெள்ளி, பலூனுக்கு இரண்டு வெள்ளி என்று செலவு செய்துவிடுவான். ஓரத்துக் கடையிலிருந்து கிளம்பியவன் மட்டும் பத்து வெள்ளியோடு அப்படியே வருவான். வாசலில் நின்று கையிலுள்ள காசை எண்ணுகிற நமக்கு, பத்து வெள்ளிக்காரன் எந்த வீட்டுப் பிள்ளை என்று உடனே தெரியும். ஏழேகால் வெள்ளியோடு வருபவனைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அவன் காணாமல் போய்விடவில்லை, வந்துதான் நிற்கிறான், ஆனால் அடையாளம் போய்விட்டது. எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான் வந்தது என்று காட்டும் எக்ஸ்பிஎஸ் வரைபடத்தில் ஒவ்வொரு பீக்குக்கு (கூரான முகட்டுக்கு) பின்னாலும் பின்னணி ஒரு படி ஏறி நிற்கிறதே, அது இந்தச் செலவாளிகளின் கூட்டம்தான். பீக் என்பது ஓரத்துக் கடைப் பையன்கள், அதாவது மேலே சில நானோமீட்டரில் பிறந்து ஒரு காசும் செலவழிக்காமல் தப்பி வந்த எலக்ட்ரான்கள்.

எவ்வளவு தூரம் தப்பும்? 50 முதல் 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ளவை சராசரியாக அரை நானோமீட்டர், அதாவது இரண்டு அணு அடுக்கு. 1000 எலக்ட்ரான் வோல்ட்டில் பொருளைப் பொறுத்து 1.5 முதல் 3 நானோமீட்டர். இந்தச் சராசரித் தூரத்தை ஒரு மடங்கு என்று வைத்தால், சிக்னலில் 63 சதவீதம் முதல் மடங்கிலிருந்து வருகிறது, இரண்டு மடங்குக்குள் 86, மூன்று மடங்குக்குள் 95. அதனால் "எக்ஸ்பிஎஸ் 10 நானோமீட்டர் பார்க்கும்" என்று யாராவது சொன்னால் அது வெளி எல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் பார்க்கும் பீக்கில் பாதிக்கு மேல் முதல் 2, 3 நானோமீட்டரிலிருந்தே வருகிறது. சாம்பிளைச் சாய்த்தால் இது இன்னும் குறையும். நேர்க்குத்துக் கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்வில் வரும் எலக்ட்ரானைப் பிடித்தால் ஆழம் சரிபாதி ஆகிவிடும், ஏனென்றால் அது குறுக்காக நடந்து வெளியே வர வேண்டியிருக்கிறது. எது மேலே இருக்கிறது, எது அடியில் இருக்கிறது என்று சாம்பிளைச் சுரண்டாமலே கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி இதுதான்.

அந்தச் செலவு எங்கே போகிறது என்பதையும் உங்கள் அலுமினியத்திலேயே கண்ணால் பார்க்கலாம். உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் கூட்டம் முழுவதும் சேர்ந்து ஒரே அலையாகக் குலுங்கும், அதற்குப் பிளாஸ்மான் என்று பெயர். அலுமினியத்தில் ஒரு குலுக்கலுக்கு விலை சுமார் 15 எலக்ட்ரான் வோல்ட். சுத்தமான அலுமினியத்தின் வரைபடத்தில் முக்கிய பீக்குக்கு 15 தள்ளி ஒரு மேடு, 30 தள்ளி அதைவிடச் சின்ன மேடு, 45இல் இன்னும் சின்னது என்று படிக்கட்டு மாதிரி வரும். முதல்முறை அதைப் பார்த்தபோது வேறு ஏதோ தனிமம் கலந்திருக்கிறது என்று நினைத்துப் பட்டியலைத் தேடினேன். ஒரு குலுக்கல் கொடுத்தவை, இரண்டு கொடுத்தவை, மூன்று கொடுத்தவை என்று வரிசையாக நிற்கின்றன. ஆக்சைடு தடிமனாக மூடியிருந்தால் கூர்மையான இந்த வரிசை மங்கிவிடும், அதனால் அதுவே ஒரு தடயம்.

இனி எக்ஸ்பிஎஸ். ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வரும் என்பதற்கு 1905இல் ஐன்ஸ்டைன் சொன்ன கணக்குதான் இன்றைக்கும் கருவிக்குள் ஓடுகிறது. உள்ளே விட்ட எக்ஸ்ரேயின் ஆற்றல் நமக்குத் தெரியும். வெளியே வந்த எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் கருவிக்குரிய ஒரு சின்ன மாறிலியைக் கழித்தால், அந்த எலக்ட்ரான் அணுவுக்குள் எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது என்பது கிடைத்துவிடும், அதுதான் பிணைப்பு ஆற்றல். ஆய்வுக்கூடக் கருவிகளில் பெரும்பாலும் அலுமினிய எக்ஸ்ரேதான், 1486.6 எலக்ட்ரான் வோல்ட். ஃபுளோரினின் உள்வட்ட எலக்ட்ரான் சுமார் 686இல் கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே சுமார் 796 ஆற்றலோடு வெளியே வரும். அதைப் பிரித்தெடுக்க இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவே ஒரு வளைவான பாதை, மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற ஒவ்வொரு ஆற்றலுக்காரரும் முறை வைத்துக் கடந்து போவார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் கட்டு வேறு என்பதால் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாமே தெரியும்.

ஆனால் தனிமத்தின் பெயரைச் சொல்ல மட்டும் என்றால் எக்ஸ்பிஎஸ்ஸுக்கு இவ்வளவு மரியாதை வந்திருக்காது. 1950களில் ஸ்வீடனின் உப்சாலாவில் காய் சீக்பான் குழு இந்தப் பீக்குகளைக் கூர்மையாக அளக்கத் தொடங்கியபோது, ஒரே தனிமம் வேறு வேறு சேர்மத்தில் கொஞ்சம் கொஞ்சம் இடம் மாறி நிற்பதைக் கண்டார்கள். 1964இல் சோடியம் தயோசல்பேட்டை எடுத்துப் பார்த்தபோது ஒரே மூலக்கூறில் இருக்கும் இரண்டு கந்தக அணுக்கள் இரண்டு தனித்தனிப் பீக்காக வந்து நின்றன. அதற்குப் பிறகு வேதியியல்காரர்கள் விடவே இல்லை. சீக்பானுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அப்பா மான்னே சீக்பானும் 1924க்கான நோபலை எக்ஸ்ரே ஆய்வுக்காகவே வாங்கியவர்.

இடம் மாறுவதற்குக் காரணம் எளிது. பக்கத்தில் ஃபுளோரினோ ஆக்சிஜனோ உட்கார்ந்து ஓர் அணுவின் வெளி எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் உள் எலக்ட்ரான்களை அணுக்கரு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். உங்கள் பேடில் அலுமினியம் உலோகமாக இருந்தால் சுமார் 72.8இல் வரும், ஆக்சைடாக இருந்தால் 74, 75 பக்கம், ஃபுளோரினோடு நிறையச் சேர்ந்திருந்தால் அதற்கும் மேலே 76ஐத் தாண்டும். ஃபுளோரின் பக்கத்திலிருந்தும் இதையே பார்க்கலாம். அலுமினியத்தோடு கட்டியிருந்தால் 686 வாக்கில் நிற்கும், கார்பன் சங்கிலியில் தொங்கும் ஃபுளோரின் 689 பக்கம் போகும், அதோடு கார்பன் பீக்கிலும் 292 வாக்கில் ஒரு குட்டி எட்டிப் பார்க்கும். இந்த மூன்று எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம்தான் உங்களுக்குத் தேவையான தகவல். பேடின் மேலிருக்கும் மூடியைத் திறக்க ஃபுளோரின் வாயுக்களில்தான் எட்ச் செய்கிறார்கள், அதாவது அரித்தெடுக்கிறார்கள். அதில் உருவாகும் பாலிமர் படலம் சரியாகக் கழுவப்படாமல் தங்கியிருந்தால் கார்பனோடு சேர்ந்த ஃபுளோரின் தெரியும், அப்போது எட்ச்சுக்குப் பிறகான சுத்தப்படுத்தலைப் பார்க்க வேண்டும். ஃபுளோரின் அலுமினியத்தோடேயே கட்டி, ஆக்சிஜனும் வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தால், பேட் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர்க் காற்றின் ஈரம் தெரிந்ததுதானே, அப்போது வேஃபர் எவ்வளவு நாள், எந்தப் பெட்டியில், எங்கே இருந்தது என்று விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. "ஃபுளோரின் இருக்கிறது" என்று மட்டும் ஒரு ரிப்போர்ட் சொன்னால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள்.

அப்புறம் ஓஜே. பிரெஞ்சுக்காரர் பியர் ஓஜேயின் பெயர், லேபில் சிலர் ஆகர் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அவர் 1923இல் இதைப் பார்த்தார், அதற்கு ஒரு வருடம் முன்பே இயற்பியலாளர் லீஸ மைட்னர் இதே விளைவை எழுதியிருந்தார், பெயரில் அவரும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஓஜே எக்ஸ்ரேயை ஒரு மேக அறைக்குள் (துகள் போன வழி துளிக்கோடாகத் தெரியும் பெட்டிக்குள்) விட்டு எலக்ட்ரான்கள் போன தடங்களைப் படம் எடுத்தார். ஒரே புள்ளியிலிருந்து இரண்டு தடம் கிளம்பியது. எக்ஸ்ரேயின் ஆற்றலைக் கூட்டினால் ஒரு தடம் நீண்டது, இன்னொன்று அசையாமல் அதே நீளத்தில் நின்றது. நீண்டது எக்ஸ்பிஎஸ்ஸில் நாம் பிடிக்கும் எலக்ட்ரான், நீளாதது ஓஜே எலக்ட்ரான்.

நடப்பது இதுதான். உள்வட்டத்திலிருந்து ஒரு எலக்ட்ரானை எப்படியோ தட்டிவிட்டோம், காலியிடம் வந்துவிட்டது. மேல்வட்டத்திலிருந்து ஒருவர் இறங்கி அந்த இடத்தில் உட்காருகிறார். இறங்கியதில் மிச்சமாகும் ஆற்றலை எக்ஸ்ரேயாகவும் விடலாம், அல்லது பக்கத்தில் இருக்கும் மூன்றாவது எலக்ட்ரானுக்குக் கொடுத்து அதை வெளியே அனுப்பலாம். இரண்டாவது வழியில் வெளியே வருவது ஓஜே எலக்ட்ரான். அதன் ஆற்றலைத் தீர்மானிப்பது அந்த அணுவின் மூன்று படிகள் மட்டும்தான், முதலில் தட்டியவர் யார், எவ்வளவு வேகத்தில் தட்டினார் என்பதற்கு அதில் பங்கு இல்லை. அதனால்தான் எக்ஸ்ரேக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையாலேயே தட்டலாம். எலக்ட்ரான் கற்றையை லென்ஸ் வைத்துப் பத்து நானோமீட்டர் அளவுக்குக் குவிக்கலாம், எக்ஸ்ரேயை அந்த அளவுக்கு ஆய்வுக்கூடத்தில் குவிக்க முடியாது, எக்ஸ்பிஎஸ்ஸில் பத்து மைக்ரானுக்குக் கீழே போவதே கஷ்டம். லேசான தனிமங்கள் பெரும்பாலும் ஓஜே வழியைத்தான் எடுக்கும், ஃபுளோரினில் நூற்றுக்கு ஒன்று போலத்தான் எக்ஸ்ரேயாகப் போகிறது. இடிஎக்ஸ் ஃபுளோரினில் திணறுவதற்கும் ஓஜே அதில் பளிச்சென்று இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

ஓஜே வரைபடம் மேலும் கீழுமாகத் துள்ளிக் கிடக்கும், பயப்பட வேண்டாம். சிக்னல் ஒரு பெரிய பின்னணி மேட்டின் மேல் சின்ன முகடாக உட்கார்ந்திருப்பதால், சரிவைக் கணக்கிட்டு வரைவது வழக்கம். 1968இல் ஹாரிஸ் என்ற ஆய்வாளர் இந்த வழியைக் காட்டிய பிறகுதான் ஓஜே நடைமுறைக் கருவியாக மாறியது. உங்கள் பேடில் கார்பன் சுமார் 270, ஆக்சிஜன் 505, ஃபுளோரின் 650, அலுமினியம் 1390 வாக்கில் வரும், இவை வெளியே வரும் எலக்ட்ரானின் ஆற்றல், எக்ஸ்பிஎஸ்ஸில் சொன்ன பிணைப்பு ஆற்றல் அல்ல.

ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். எலக்ட்ரான் கற்றை ஃபுளோரினைப் பிய்த்து எறியும். பேடின் ஒரு புள்ளியில் கற்றையை நிறுத்தி வரிசையாகப் பத்துத் தடவை அளந்து பாருங்கள், முதல் அளவில் நிமிர்ந்து நிற்கும் ஃபுளோரின் பத்தாவதில் பாதியாகக் குறைந்திருக்கலாம், திரையில் கண்ணெதிரே கரைவது தெரியும். அதனால் குறைந்த மின்னோட்டத்தில், கற்றையை ஒரு சதுரத்தின் மேல் ஓடவிட்டு, ஃபுளோரினை முதலில் அளக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஓஜேக்கு அனுப்பப்போகும் பேடைத் தயவுசெய்து முன்னாடியே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்காதீர்கள். அங்கே கற்றை படும் இடத்தில் அறையிலுள்ள எண்ணெய் ஆவி உடைந்து கார்பன் படலமாகப் படியும், நீங்கள் படம் எடுத்த சதுரம் அப்படியே கறுப்பாகத் தெரியும். நானோமீட்டர் கணக்கில் மேற்பரப்பைப் பார்க்கும் கருவிக்கு அது பேடின் மேல் போட்ட போர்வை. ஏற்கெனவே பார்த்துவிட்ட பேட்களைக் குறித்துவைத்து, பார்க்காத பக்கத்துப் பேடை அனுப்புங்கள்.

ஆக, இரண்டு சீனியர்களும் சொன்னது சரிதான், வரிசைதான் கேள்வி. உங்கள் பேட் 60 மைக்ரான் சதுரம் என்றால் சின்னப் புள்ளியில் எக்ஸ்பிஎஸ் எடுக்கலாம், கொஞ்சம் நேரமாகும், ஆனால் ஃபுளோரின் எதோடு கட்டியிருக்கிறது என்பதை அதுதான் நம்பகமாகச் சொல்லும், சாம்பிளையும் பெரும்பாலும் கெடுக்காது. பிறகு அதே சிப்பின் வேறு பேடில் ஓஜே எடுத்து, ஃபுளோரின் பேட் முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்கிறதா, ஓரத்தில் மட்டும் இருக்கிறதா, புள்ளி புள்ளியாக இருக்கிறதா என்று படமாக வாங்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், பேட் அளவு பெரியதாக இருக்கும் பட்சத்தில் நான் எக்ஸ்பிஎஸ்ஸை எடுப்பேன், 40 மைக்ரானுக்குக் கீழே என்றால் ஓஜே.

எதை எடுத்தாலும் நன்றாக ஒட்டும் வேஃபரிலிருந்து ஒரு சிப்பும் கூடவே போக வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் கெட்டது மட்டும்தான் வந்து சேர்கிறது. காற்றுப் பட்ட எந்தப் பொருளிலும் கார்பனும் ஆக்சிஜனும் இருக்கும், உங்கள் கைக்கடிகாரத்திலும் இருக்கும். எட்ச் பார்த்த எல்லாப் பேடிலும் கொஞ்சம் ஃபுளோரினும் இருக்கும். நல்லதில் எவ்வளவு, கெட்டதில் எவ்வளவு என்ற வித்தியாசம் இல்லாமல் தனியாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

கருவி ஏன் இவ்வளவு பெரிய இரும்புப் பாத்திரமாக இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லாம் வெற்றிடத்துக்காக. பத்து லட்சத்தில் ஒரு பங்கு டார் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில், வந்து மோதும் மூலக்கூறு எல்லாம் ஒட்டிக்கொள்வதாக வைத்தால், ஒரே வினாடியில் மேற்பரப்பு முழுக்க ஓர் அடுக்கு மூடிவிடும். அதைவிட ஆயிரம் மடங்கு குறைத்தால் பதினாறு நிமிடத்துக்கும் மேல் கிடைக்கும், பத்தாயிரம் மடங்கு குறைத்தால் மூன்று மணி நேரம் போல. சுத்தமாக்கிய மேற்பரப்பை அளந்து முடிக்க அந்த நேரம் வேண்டும். நம் ஊரில் அறையைத் திறந்து மூடினால் சுவரில் ஈரம் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்னும், கருவியைச் சுற்றிப் போர்வை போட்டு ஓரிரு நாள் 150 டிகிரி வாக்கில் சூடேற்றித்தான் அதை வெளியேற்ற வேண்டும்.

இந்த அளவுக்குக் கருவி பாடுபடும்போது, சாம்பிளை நாம் கொண்டுவரும் விதத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிடலாம். சில வருடம் முன்பு உங்களுடையது போலவே ஒரு கேஸ் வந்தது, பெயர் வேண்டாம். பேட் முழுக்க சிலிக்கான், பீக் 102 பக்கம். தனிச் சிலிக்கான் 99, கண்ணாடி மாதிரி ஆக்சைடு 103 பக்கம், 102 என்றால் சிலிகோன். கார்பனும் ஆக்சிஜனும் அதற்குத் தக்க அளவில் கூடியிருந்தன. ஃபுளோரின் தேடி வந்தவர்கள் சிலிகோன் எங்கிருந்து வந்தது என்று தொழிற்சாலை முழுக்கத் தேடி இரண்டு வாரம் அலைந்தார்கள். கடைசியில் பார்த்தால் சிப்பைக் கொண்டுவந்த பெட்டி. அடியில் ஒட்டும் ஜெல் வைத்த சின்னப் பெட்டி இருக்கிறதல்லவா, அந்த ஜெல்லே சிலிகோன்தான். அதில் ஒரு வாரம் இருந்த சிப்பில் சிலிகோன் மெல்ல ஊர்ந்து மேலே ஏறியிருந்தது. அவர்கள் தேடிய உண்மையான படலம் அந்தச் சிலிகோனுக்கு அடியில் போய்விட்டது, புது சிப் எடுத்துத்தான் திரும்ப அளந்தோம். அதனால் ஜெல் பெட்டி வேண்டாம், டேப் வேண்டாம், ஜிப் போட்ட பிளாஸ்டிக் பை வேண்டாம், கையில் கிரீம் தடவிக்கொண்டு கையுறை போட வேண்டாம். சுத்தமான கண்ணாடித் தட்டில் வைத்து, சிப்பின் ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடித்துக் கொண்டுவாருங்கள்.

ஆழம் பார்க்க ஆர்கான் அயனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி அளப்பதும் உண்டு. ஆக்சைடின் தடிமனைப் பார்க்க நல்லது. ஆனால் ரிப்போர்ட்டில் போடும் நானோமீட்டர் பெரும்பாலும் சிலிக்கான் ஆக்சைடு செதுக்கும் வேகத்தை வைத்துப் போட்டது, உங்கள் படலத்தின் உண்மையான தடிமன் அதுவாக இருக்க வேண்டியதில்லை. நல்ல சிப்பையும் கெட்ட சிப்பையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அயனி அடித்த பிறகு வேதி நிலையை நம்பாதீர்கள், அடி விழுந்ததில் கட்டுகள் உடைந்து கலைந்திருக்கும், டைட்டானியம் ஆக்சைடு மாதிரிப் பொருளில் ஆக்சிஜன் முதலில் பறந்துவிடும். அதனால் எக்ஸ்பிஎஸ் முதலில் செதுக்காமல், பிறகு செதுக்கி.

எலக்ட்ரானை வைத்து மேற்பரப்பைப் பார்ப்பதில் இன்னொரு குடும்பம் உண்டு, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்வது. 1925இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிசனும் ஜெர்மரும் நிக்கலின் மேல் மெதுவான எலக்ட்ரானை அடித்துக்கொண்டிருந்தபோது திரவக் காற்றுக் குப்பி வெடித்து, சூடாக இருந்த நிக்கல் துருவேறிவிட்டது. துருவை நீக்கச் சூடேற்றியதில் சின்னச் சின்னப் படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகிவிட்டன, அதற்குப் பிறகு எலக்ட்ரான்கள் சில திசைகளில் மட்டும் கூட்டமாகச் சிதறின. 1927இல் எலக்ட்ரான் அலைதான் என்று நிரூபணம் ஆனது. 54 வோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் 0.167 நானோமீட்டர், அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியோடு ஒத்துப்போகும் அளவு. இது உங்கள் பேடுக்கு உதவாது, ஒற்றைப் படிகம் வேண்டும். கென்ட் ரிட்ஜில் நம் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் 700 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் சிங்க்ரோட்ரானில் (எலக்ட்ரானைச் சுற்றவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் இயந்திரத்தில்) இந்த மாதிரி மேற்பரப்பு ஆய்வுக்கென்றே ஒரு கற்றைப் பாதை உண்டு. எக்ஸ்ரேயின் ஆற்றலை அங்கே விருப்பப்படி மாற்றலாம், அதாவது எத்தனை அடுக்கு ஆழத்திலிருந்து எலக்ட்ரான் தப்பி வர வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, ரிப்போர்ட் வந்ததும் மூன்று இடத்தைக் கவனியுங்கள். சதவீதக் கணக்கு மேலிருந்து கீழ்வரை எல்லாம் ஒரே சீராகக் கலந்திருக்கிறது என்று வைத்துப் போட்டது, உங்கள் பேட் அடுக்கடுக்காக இருப்பது, அதனால் 18 சதவீதமா 20 சதவீதமா என்று சண்டை போட வேண்டாம், பத்தில் ஒரு பங்கு முன்பின் இருக்கும். கார்பன் பீக்கை 284.8இல் நிறுத்தி மற்றவற்றை நகர்த்துவது வழக்கம், மின்னேற்றம் ஏறும் ஆக்சைடில் அது தவறலாம், ஆகவே ஃபுளோரினுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நீங்களே கழித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே படலத்தில் இருந்தால் மின்னேற்றத்தில் சேர்ந்தே நகரும், தூரம் மாறாது. ஒரு அகலமான பீக்குக்குள் ஆறு வளைவு வரைந்து ஆறு சேர்மம் என்று எழுதியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் வேறு ஏதாவது பீக்கில் சாட்சி இருக்கிறதா என்று கேளுங்கள். கார்பன் ஃபுளோரின் சங்கிலி என்றால் 689இலும் தெரிய வேண்டும், 292இலும் தெரிய வேண்டும், ஒன்றில் மட்டும் தெரிந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அனுப்பும் படிவத்தில் இதை எழுதுங்கள்: எந்தப் பேட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது, எது பார்க்காதது, எட்ச் முடிந்து எத்தனை நாள் ஆயிற்று, நடுவில் எந்தப் பெட்டியில் இருந்தது, நல்ல சிப் எது. வரைபடம் கைக்கு வந்ததும் கம்பெனி அனுமதித்தால் வேஃபர் எண்ணை மறைத்துவிட்டு ஃபுளோரின், கார்பன், அலுமினியம் மூன்றையும் இங்கே போடுங்கள் தம்பி, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.